யார்கிட்ட காட்டினீங்க?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டுத் திண்ணையை அடைத்து அறையாக்கி, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து டிசைன் வேலை ஆரம்பித்தபோது, "டவுன்ல கடை போட்டாலே பார்ட்டி வர்றது கஷ்டம், இங்க யார் வரப்போறா" என்று சொல்லாத ஆள் இல்லை. அதற்கு முன்னால் டவுனில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. பார்த்தேன். பேஜ்மேக்கரில் மேட்டர் அடித்து, ட்ரேசிங் ஷீட்டில் பிரிண்ட் எடுத்த காலம் அது. திண்ணைக்கு வாடகை கிடையாது, அது ஒன்றுதான் என் கணக்கு. பௌர்ணமி இவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை.

14 கிலோமீட்டர் சுற்றில் வருண லிங்கம் தாண்டி, வாயு லிங்கம் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர். பெரிய கோயிலில் நடக்க ஆரம்பித்தவர்களுக்கு இங்கே வரும்போது பாதி வழி முடிந்திருக்கும். கால் கெஞ்சும், உட்கார இடம் தேடும். அப்படி வருகிறவர்களில் என் பார்ட்டிகளும் இருப்பார்கள். வெறுங்காலோடு படியேறி, "நம்ம பத்திரிகை ப்ரூஃப் ரெடியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். டவுன் கடையில் கவுண்டர் முன்னால் நின்றபடி ப்ரூஃபைப் பார்த்துவிட்டு "இந்தக் கலரை மாத்துங்க" என்று போய்விடுகிற அதே ஆள், இங்கே ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் பேசுவார். கரெக்‌ஷன் என்று ஒருவர் சொல்வதற்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தக் கால்வலிக்காரர்களிடம்தான்.

முதலில் புரிய வைத்தவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர். மகள் கல்யாணப் பத்திரிகை. மெரூன் நிறம், மாங்காய் பார்டர், மேலே பிள்ளையார், அருணாசலேஸ்வரர் துணை. ப்ரூஃப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு பத்தல." பார்டரைத் தாமரையாக்கினேன். பத்தவில்லை. மெரூனைச் சிவப்பாக்கினேன். பத்தவில்லை. பிள்ளையாரைப் பெரிசாக்கி, பொட்டு வைத்து, தோரணம் கட்டி, என்ன செய்தாலும் அதே பதில். கோபமும் இல்லை, குறையும் இல்லை. தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு பௌர்ணமி ராத்திரி வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரிடம், வேறு பேச்சில்லாமல் கேட்டேன்: "அண்ணே, இதை யார்கிட்ட எல்லாம் காட்டினீங்க?"

"வீட்ல எல்லாரும் பார்த்தாங்கம்மா. நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க." கொஞ்ச நேரம் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "மச்சான்தான் ஒண்ணும் சொல்லல. பார்த்தாரு, மடிச்சாரு, டிவி மேல வச்சுட்டுப் போயிட்டாரு."

ப்ரூஃபை எடுத்துப் பார்த்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர், பெரியப்பா மகன் என்று பன்னிரண்டு பாயிண்டில் ஓடும் வரிகளுக்கு நடுவே மச்சான் பெயரும் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன். சீர் செய்யப் போகிறவர், மாலை எடுத்துக் கொடுக்கப் போகிறவர். மேட்டரை எழுதித் தந்தவர் அப்படித்தான் எழுதியிருந்தார், நானும் அப்படியே அடித்திருந்தேன். தாய்மாமன் என்று தனியாகத் தலைப்புப் போட்டு, அவர் பெயரையும் மனைவி பெயரையும் அடுத்த வரியில் இரண்டு பாயிண்ட் கூட்டி வைத்தேன். சிவப்பு, தாமரை, தோரணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதல் நாள் போட்ட மெரூனுக்கும் மாங்காய்க்கும் திரும்பினேன். அடுத்த நாள் ஓகே வந்துவிட்டது. போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இப்பதாம்மா கலரு எடுப்பா இருக்கு."

அன்றிலிருந்து ப்ரூஃப் திரும்பி வந்தால் 'என்ன மாத்தணும்' என்று கேட்பதற்கு முன்னால் 'யார்கிட்ட காட்டினீங்க' என்றுதான் கேட்கிறேன். பத்திரிகை என்பது கூப்பிடுவதற்கான காகிதம் மட்டும் இல்லை. யார் யாருக்கு என்ன இடம் என்பதை ஊரறிய எழுதி, அச்சடித்து, வீடு வீடாகக் கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு கொடுக்கிற பத்திரம் அது. அதில் வருகிற திருத்தத்தில் முக்கால்வாசி இடத்தகராறு. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாததால் கலர் மேல், பார்டர் மேல், பிள்ளையார் மேல் பழி போகிறது.

பெண்களின் திருத்தம் இன்னும் சுற்றி வரும். ஒரு கல்யாணப் பெண் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். "அக்கா, நான் பேசினேன்னு சொல்லாதீங்க. என் பேருக்குப் பின்னாடி படிப்பு போடல." பெண் எம்.எஸ்சி., பி.எட். மாப்பிள்ளை டிப்ளமோ. பெண்ணுக்கு மட்டும் கூடுதலாகத் தெரிந்தால் சம்பந்தி வீட்டில் மனஸ்தாபம் என்று பெரியவர்கள் இரண்டு பேர் படிப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். மறுநாள் அவள் அப்பா வந்தபோது, "படிப்புப் போடாம வர்ற பத்திரிகை இப்போ பார்க்கறதே இல்லப்பா. படிக்காத புள்ளைங்கன்னு நினைச்சுடுவாங்க" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. டி.எம்.இ. என்று மாப்பிள்ளைக்கும் போட்டோம். இரண்டும் ஒரே அளவு எழுத்து, ஒரே நீள வரி வருகிற மாதிரி அமைத்தேன். அந்த வரியைச் சரிக்கட்டியதுதான் அந்தப் பத்திரிகையில் நான் செய்த டிசைன். மற்றதெல்லாம் ஏற்கெனவே இருந்த அலங்காரம்.

அரசியல் பேனரில் இந்தச் சுற்றுவழி எல்லாம் கிடையாது. நேராகவே சொல்வார்கள். "மாவட்டம் படம் சின்னதா இருக்கு." "ஒன்றியத்தை ஏன் ஓரத்துல தள்ளினீங்க?" வெளியூர்க்காரர் கேட்டால் ஏதோ நில அளவை வேலை என்று நினைப்பார். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர், ஒன்றியம் என்றால் ஒன்றியச் செயலாளர். தலைவர்கள் மேலே வட்டத்துக்குள், மாவட்டம் இடது பக்கம் இடுப்புவரை, பேனர் வைப்பவர் வலது பக்கம் கும்பிட்டபடி. இதில் யாருடைய தலை யாருடைய தலையைவிட அரை அங்குலம் பெரிது என்பதை ஸ்கேல் வைத்து அளந்தவர்கள் உண்டு. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கல்யாண வீடு கலர் மேல் போட்டுப் பேசுவதை இவர்கள் அங்குலக் கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு இது வசதி.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ தடுமாறித் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது, கட்சிகள் பேனர் வைக்க வேண்டாம் என்று அறிக்கை விட்டன. எங்கள் பக்கமும் ஃப்ளெக்ஸ் ஆர்டர் சட்டென்று நின்றது. கொஞ்ச நாளில் திரும்பியும் வந்தது. வந்தபோது முதல் கேள்வி படத்தின் அளவைப் பற்றி இல்லை, எங்கே கட்டுவது என்பதைப் பற்றி. நல்ல கேள்வி. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

கலர் பற்றிய புகார் எல்லாமே உறவுச் சிக்கல் என்று சொல்லிவிட முடியாது. உண்மையிலேயே கலர் சிக்கலும் உண்டு. வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் அனுப்ப ஆரம்பித்த பிறகு அது பெருகிவிட்டது. போன் தன் வெளிச்சத்தில் தானே மின்னும். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையும் தங்கள்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தரும். அதனால் போனில் ஜொலிக்கிற கிளிப்பச்சையும் பளீர் நீலமும் ஆஃப்செட்டில் வரவே வராது, எந்த அச்சகத்துக்குப் போனாலும். இதை வாயால் சொன்னால் 'வேலை தெரியாத பொம்பளை' என்று நினைப்பார்கள். ஆகவே கிளிப்பச்சை கேட்பவர்களுக்கு அந்தப் பச்சையையும் அதற்குப் பக்கத்திலுள்ள நாலு பச்சைகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்செடுத்து, வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் கையில் கொடுப்பேன். போனையும் பக்கத்தில் பிடிக்கச் சொல்வேன். வெயிலில் போன் திரை மங்கிப்போகும், காகிதம் எடுத்துக் காட்டும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எழுத்துச் சிக்கல் வேறு. பாமினியில் அடித்த மேட்டரை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடு வந்த பிறகும் பழைய கோரலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். சிவகாசிக்கு ஃபைல் அனுப்பும்போது எழுத்து உடையாமல் இருக்க, எல்லாவற்றையும் கர்வ்ஸாக மாற்றிவிடுவோம். மாற்றினால் எழுத்து எழுத்தாக இருக்காது, வெறும் கோட்டுப் படம் ஆகிவிடும். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அந்த ஃபைலில் அடித்துத் திருத்த முடியாது. என் பார்ட்டிகளுக்குக் கோரல் தெரியாவிட்டாலும் 'கர்வ்ஸ்' தெரியும். "கர்வ்ஸ் போட்டாச்சாம்மா?" என்று பதறிக்கொண்டு போன் வரும். பழைய ஃபைல் என்னிடம் பத்திரமாக இருக்கும், ஆனால் அதைச் சொல்வதில்லை. அந்தப் பயம் இருந்தால்தான் முன்கூட்டியே ஒழுங்காகப் படிக்கிறார்கள். ப்ரூஃபில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, கீழே 'பார்த்தேன், சரி' என்று எழுதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பேர் நாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் எடுக்க மாட்டேன். "அந்த மேல இருக்கிற எழுத்தை அந்தப் பக்கம் கொஞ்சம்" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வரும் குரலை வைத்துக்கொண்டு எந்த எழுத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது?

எனக்குக் கிடைத்ததிலேயே சிறந்த பார்ட்டி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். மார்கழி பிறக்கும் முன் திருவெம்பாவை இருபது பாட்டையும் சின்னப் புத்தகமாகப் போட்டு இலவசமாகக் கொடுப்பார். மாணிக்கவாசகர் அதைப் பாடியது இந்த ஊரில்தான் என்பது மரபு, பாதையோரம் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. ஐயா ப்ரூஃபைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். கீழிருந்து படித்தால் மனப்பாடம் குறுக்கே வந்து ஏமாற்றாதாம். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசையாமல் படித்து, விட்டுப்போன ஒற்றெழுத்துக்கு மட்டும் மெல்லிசாக ஒரு கோடு. பார்டர் என்ன, கலர் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "அது உன் வேலைம்மா" என்பார். எல்லோரும் இப்படி இருந்தால் இந்தத் தொழில் சுகம்தான், ஆனால் அவ்வளவு பேச்சும் கதையும் கிடைத்திருக்காது.

வெளிநாட்டுக்காரர்கள் தனி ரகம். ரமணாசிரமத்தைச் சுற்றி வருஷக் கணக்காகத் தங்கியிருப்பவர்கள் யோகா வகுப்புக்கு நோட்டீஸ், சின்னக் கடைக்கு லோகோ என்று வருவார்கள். மெயில் நீளமாக இருக்கும். முதல் மூன்று வரி பாராட்டு, நாலாவது வரியில்தான் விஷயம். பாராட்டைப் படித்துவிட்டு ஓகே ஆகிவிட்டது என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர் "இன்னாம்மா இது, சகிக்கல" என்று ஆரம்பித்து ஒரு புள்ளியை மட்டும் மாற்றச் சொல்வார். இரண்டு பேருக்கும் மொத்தத்தில் சம அளவு மாற்றம்தான் தேவைப்படும்.

இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து எனக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தது, மலை விஷயத்தில். டவுனில் ஒரு தங்கும் விடுதிக்கு லோகோ கேட்டார்கள். அண்ணாமலை இல்லாமல் இந்த ஊரில் லோகோ கிடையாது. கொல்லையில் நின்றால் தெரிகிற மலையைப் பார்த்து, அதே விளிம்பைக் கோடாக எழுதி அனுப்பினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை, தப்பு வர வழியில்லை. முதலாளி போன் செய்தார்: "இது எந்த ஊரு மலைம்மா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு டவுனுக்குப் போய் அவர் விடுதி மாடியில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது நியாயம். கிழக்கிலிருந்து பார்த்தால் முன்னால் 217 அடி ராஜகோபுரம், பின்னால் அகன்று எழும் மலை. காலண்டரிலும் தீபப் படத்திலும் உலகம் பார்க்கிற அண்ணாமலை அதுதான். மேற்கே எங்கள் ஊர்ப் பக்கத்து மலையை அவர் கிரிவலம் வரும்போது பார்த்திருப்பார், ஆனால் அது அவர் மலை இல்லை. ஆசிரமப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குத் தன் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற தெற்குச் சரிவுதான் மலை. குபேர லிங்கத்துப் பக்கம் போனால் ஐந்து முகம் தெரிகிறது என்று கும்பிடுகிறார்கள். 2,668 அடி உயரம் ஒன்று, உருவம் பல.

இப்போது கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று மலைக்கு நாலு ஃபைல் வைத்திருக்கிறேன். மலை வேண்டும் என்று வருபவரிடம் "உங்க வீடு எந்தப் பக்கம்?" என்றுதான் முதல் கேள்வி. இதற்கும் 'யார்கிட்ட காட்டினீங்க' என்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தான் நிற்கிற இடத்திலிருந்து தெரியாத ஒன்றை நான் வரைந்துவிட்டேன் என்பதைத்தான் மச்சானும் முதலாளியும் சொன்னார்கள், ஒருவர் பேசாமல், ஒருவர் பேசி.

காலண்டர் படம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சிவகாசி காலண்டர்களில் நம் வீட்டுச் சாமிகளுக்கு முகம் கொடுத்த கோவில்பட்டி சி. கொண்டையராஜு, சென்னையில் ஓவியம் படித்துவிட்டுச் சில காலம் ரமணாசிரமத்தில் இருந்தவர். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதப் போய், கோவில்பட்டியில் தங்கினார். துறவு மாதிரி இங்கே இருந்த ஆள், பிறகு லட்சக்கணக்கான பேருக்குப் பிடிக்க வேண்டிய படத்தை எழுதினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அத்தனை வீட்டுப் பூஜை அலமாரியும் அவருக்குப் பார்ட்டி!

சென்னையில் டிசைன் படிக்கிற எங்கள் சொந்தக்காரப் பையன் லீவுக்கு வந்தபோது பால் ராண்ட் கதையைச் சொன்னான். ஐ.பி.எம். லோகோ போட்ட அமெரிக்கர். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ கேட்டு, சில மாதிரிகள் காட்டச் சொன்னாராம். ராண்ட் மாட்டேன் என்றுவிட்டார். ஒன்றுதான் தருவேன், அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம், காசு மட்டும் கொடுத்துவிட வேண்டும் என்றாராம். வாங்கியது ஒரு லட்சம் டாலர். "நீங்களும் அப்படி இருக்கணும் அத்தை" என்றான். ஒரு லட்சம் டாலர் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஜாப்ஸ் அந்த லோகோவை வீட்டுக்கு எடுத்துப்போய் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. அவர் ஒருவர் பிடித்தது என்றால் முடிந்தது. பெண் வீட்டார் இருபது பேரும் மாப்பிள்ளை வீட்டார் இருபது பேரும் சேர்ந்து உட்கார்ந்து ராண்டுக்கு எதிரே தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் சொன்னதில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்: மூன்று மாதிரி காட்டுவதில்லை. மூன்று காட்டினால் முதலாவதின் பார்டர், இரண்டாவதின் கலர், மூன்றாவதின் பிள்ளையார் என்று கூட்டு வைத்துக் கேட்பார்கள்.

காசு பேசாத வேலையும் ஒன்று உண்டு. கண்ணீர் அஞ்சலி. செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் பேனர் வேண்டும். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்று எடுத்த போட்டோவைத் தருவார்கள். தலையை மட்டும் வெட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் நீல வானம். அப்படி ஒரு பெரியவர் படத்தில் மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடித்துக் கண் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்து, வேறு படத்திலிருந்து கண்ணை வைத்து, சுத்தமாகச் செய்திருந்தேன். மகன்கள் ஓகே சொல்லிவிட்டார்கள். பிரிண்டுக்குப் போகும் நேரம் அவர்கள் வீட்டுச் சிறுவன் ஓடிவந்தான். "பாட்டி கண்ணாடி கேக்குது." எனக்குப் புரியவில்லை. "தாத்தா கண்ணாடி இல்லாம படி இறங்க மாட்டாராம். போட்டு விடணுமாம்." மறுபடி மாட்டிவிட்டேன், அந்த வெளிச்சத்தோடு. இதில் கலர், அளவு என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மாதிரித் திருத்தத்துக்கு 'யார்கிட்ட காட்டினீங்க' என்று கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

இப்போது வருகிற பிள்ளைகள் டிசைனைக் கையோடு கொண்டுவருகிறார்கள். போன தீபத்துக்கு அன்னதானக் குழுப் பையன் ஒருவன் போனை நீட்டினான். ஏ.ஐ.யில் செய்த படம். கோபுரம், மலை, தீபம், நந்தி எல்லாம் பளபளவென்று இருந்தன. கீழே தமிழ் மாதிரி ஏதோ இருந்தது, எந்த எழுத்தும் எந்த எழுத்தும் இல்லை.

"எழுத்து மட்டும் மாத்திக் குடுங்கக்கா. எவ்வளவு?"

சொன்னேன். பில் புக்கிலும் எழுதிவிட்டேன். பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "தம்பி, மலை மேல பனி பெஞ்சிருக்கே?"

"அது நெய் வழியற மாதிரி இருக்குதுன்னு எங்க தலைவரு ஓகே பண்ணிட்டாருக்கா."

"வேற யார் பார்த்தாங்க?"

"குரூப்ல போட்டோம். எல்லாரும் கும்பிடு எமோஜி போட்டாங்க."

"உங்க அம்மா பார்த்தாங்களா?"

பையன் கொஞ்சம் விழித்தான். சாயங்காலம் மறுபடி வந்தான். "அம்மா பனியை எடுத்துடச் சொல்லுதுக்கா. அப்புறம் கோபுரத்துல நிலையை எண்ணிப் பார்த்துச்சாம். ஒம்போதுதான் இருக்குதாம். பதினொண்ணு வேணுமாம்."

பில் புக்கை எடுத்து, எழுத்துக்கு மட்டும் போட்டிருந்த ரேட்டை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.